தம்பி கொடுத்தது

எதிர்வீட்டுத் தையற்காரருக்குக் குடல் புண்ணாகி ஏழு மாதம். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கழிவறை, ஒவ்வொரு தடவையும் ரத்தம். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்தவருக்குத் தன் கால்சட்டையே இடுப்பில் நிற்கவில்லை. எந்த மாத்திரைக்கும் அடங்காததால் பெருங்குடலையே எடுத்துவிட நாள் குறித்தார்கள். அதற்கு முன் கடைசியாக ஒரு வழி: நல்ல உடம்புக்காரர் ஒருவரின் மலத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து இவர் குடலுக்குள் விடுவது.

கேட்டதும் மூக்கைச் சுளித்தேன். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் பழச்சாறு கொண்டுபோன சாக்கில், டாக்டர் தையற்காரர் மனைவிக்கு விளக்கியதை ஒன்று விடாமல் கேட்டுவிட்டேன்.

"நாம சாப்பிடுற நார்ச்சத்தை அந்தக் கிருமிங்க தின்னுட்டு ஒரு அமிலத்தை விடும்மா. குடல் செல்லுல அதைப் பிடிச்சுக்க ஏற்பி இருக்கு. அது பிடிச்சாதான் 'போதும், அடங்கு'ன்னு செல்லுக்குச் சேதி போகும். இவருக்கு ஏற்பி இருக்கு. சேதி அனுப்பத்தான் ஆள் இல்ல."

ஆளாகத் தையற்காரரின் தம்பி வந்தான். பஸ் ஓட்டுகிறவன். முன்பு அண்ணனுக்கு ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டபோது டூட்டி என்று நழுவியவன். அண்ணி விடுவாளா?

"கேக்கறது என்ன கிட்னியா, கொழுந்தனாரே? காலையில தண்ணி ஊத்தி விடுறதுதானே! அதுக்கும் டூட்டியா?"

கடைவாய்ப் பல்லில் சீழ் என்று, கொடுப்பதற்கு முந்தின நாள்தான் அவன் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு முடித்திருந்தான். இதை மருந்துக்கடைக்காரர், எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டான். உண்மையை எழுதினால் மறுபடியும் நழுவுகிறான் என்பாளே அண்ணி!

இரண்டு தடவை உள்ளே விட்டார்கள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். கதவோரம் நானும் இருந்தேன்.

"நீங்க கொடுத்ததுல உயிரோட இருக்கிறதே சொற்பம். ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? சொல்லுங்க. ஆபரேஷனைத் தள்ளிவச்சு வேற ஆள்கிட்ட வாங்கிப் பார்க்கலாம்."

"இல்ல சார்."

குடலை எடுத்தார்கள். வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டினார்கள். உள்ளே சீழ் பரவியது. ஒன்பதாம் நாள் தையற்காரர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கொடுத்தடா. என் ஒடம்புதான் வாங்கிக்கல."

அன்று மாலையே போய்விட்டார்.

பிணவறை வாசலில் அண்ணி கொழுந்தனின் தோளில் முகம் புதைத்து அழுதாள். "உங்களைப் போய் அப்படியெல்லாம் பேசிட்டேனே. மன்னிச்சிடுங்க தம்பி."

"பரவாயில்ல அண்ணி" என்றான் அவன்.