ரொட்டி மாலைக்கு நீட்டிய கழுத்து

வெர்னா மீன்கடை முன்னால் வழுக்கி விழுந்தது ஒரு தப்பு என்றால், அதைப் போனில் மகனிடம் உளறியது அதைவிடப் பெரிய தப்பு. அந்த வாரமே ரோஜர் மினசோட்டாவிலிருந்து வந்து இறங்கிவிட்டான். வந்தவன் அம்மாவின் முழங்காலைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. சுவர், மாடிப்படி, குளியலறை, வாசலில் கல் பாவிய தெரு என்று எல்லாவற்றையும் சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி நோட்டம் விட்டான்.

"போதும்மா. அங்க டலூத்துல நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஜன்னல் வழியா ஏரி தெரியும். திங்கக்கிழமை ரெண்டு பேருக்கும் டிக்கெட்."

"இங்கயும்தான் ஏரி தெரியுது. ஜன்னல்கூட வேண்டாம், கதவத் தொறந்தா போதும்."

"உனக்கு எண்பத்தொண்ணு ஆச்சு."

"ஆகட்டுமே. இந்த ஊர்ல எங்காளுங்கள்ல நான் நடுவயசுக்காரி."

அது முழுப்பொய் இல்லை. சப்பாலா ஏரியின் வடகரையில், ஸ்பானிஷ் பேசும் சான் கோர்கோனியோவில் வெள்ளைக்காரக் கிழடுகளுக்கு என்ன பஞ்சம்? அவளும் கணவர் எய்னாரும் குடிவந்தபோது ஒரு கை விரல்களுக்குள் அடங்கியவர்கள், இப்போது மூன்று வீட்டுக்கு ஒரு வீடாக உட்கார்ந்திருக்கிறார்கள். கிளப்பில் காலையில் நாற்காலி கிடைக்காது. அறுபத்தைந்து வயதுக்காரன் எவனாவது உள்ளே வந்தால் "வாடா பையா" என்று மேஜை நகர்த்தும் வேலையை அவன் தலையில் கட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை நடன வகுப்பு, வியாழக்கிழமை இரங்கல் கூட்டம், இரண்டுக்கும் அதே கேக். இத்தனை பேர் இருந்து என்ன? இந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தை பிறந்ததில்லை. பெருகுவதெல்லாம் விமானத்தில் வந்து பெருகுவதுதான். குறைவது இரண்டு வழியில். ஒன்று கல்லறை, இன்னொன்று டிக்கெட்டோடு வந்து நிற்கும் பிள்ளைகள். ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், போனவர் போனவர்.

அந்தப் பேச்சுதான் வெர்னாவைப் பல வருஷமாகக் குத்திக்கொண்டிருந்தது. செப்டம்பர் மாதம் ஊர்ப் புனிதரின் திருவிழாவை ஒவ்வொரு வருஷமும் ஒரு வீடு ஏற்று நடத்தும். வெடி, வாத்தியம், பூ, தெருவுக்கே சோளமும் பன்றிக்கறியும் சேர்ந்து கொதிக்கும் பொசோலே அண்டாக்கள் எல்லாம் அந்த வீட்டுப் பொறுப்பு. கடைசி நாள் கோயில் வாசலில், அந்த வருஷம் நடத்தியவர் ரொட்டிகளைக் கோர்த்த மாலையோடு கூட்டத்தைச் சுற்றி வருவார். மாலை யார் கழுத்தில் விழுகிறதோ அவருக்கு அடுத்த வருஷம். ஆனால் கழுத்து மட்டும் போதாது. அதே குடும்பத்தில் இன்னொருவர் அந்த மாலையிலிருந்து முதல் ரொட்டியைப் பிய்த்துத் தின்ன வேண்டும். மாலை போட்டவர் செத்தாலும், படுக்கையில் விழுந்தாலும், தின்றவர் நடத்தியே தீர வேண்டும். தின்றுவிட்டுப் பின்வாங்கியவரை அந்த ஊர் கண்டதில்லை.

வெர்னா கேட்காத வருஷம் இல்லை. திருவிழாக் குழுவைக் கையில் வைத்திருந்த கூக்கா பக்கத்து வீடுதான். வாய்த்துடுக்கு அவளுக்குக் கூடப்பிறந்தது. தோன்யா என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே குத்துவாள்.

"கழுத்து இருக்கு தோன்யா வெர்னா, வாய் எங்க? உங்க வீட்டுல தின்னுறதுக்கு யாரு இருக்கா? பூனையா? உங்காளுங்க வருவீங்க, வீடு வாங்குவீங்க, சுவத்துக்கு நீலம் அடிப்பீங்க. அப்புறம் ஒருநாள் புள்ளைங்க வந்து மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிடும். புனிதரு யாரு வாசல்ல போய் நிக்கிறது?"

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். எய்னாரை இந்த ஊர் மண்ணில் புதைத்திருக்கிறாள், கூக்காவின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் அவள். இருந்தும் இவர்களுக்கு அவள் இன்னும் விருந்தாளிதான். இப்போது ரோஜர் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு வந்து, கூக்கா சொன்னதெல்லாம் சரி என்று காட்டப்போகிறான். கால்வலியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

திருவிழாவின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனையும் இழுத்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனாள். மழை விட்டிருந்தது, மலை பச்சைப்பசேல் என்று நின்றது. பெஞ்சில் கிளப்பின் ஹார்லன் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு வயது, கப்பலில் சமையல்காரராக இருந்தவர், ஊரிலேயே உரக்கச் சண்டை போடுகிறவர்.

"போறியாமே வெர்னா? நல்லதுதான். எம்பொண்ணும் டிசம்பர்ல வரா. நானும் கிளம்பறேன்."

"நீங்களுமா? வெட்கமா இல்ல?"

"பொண்ணு அழறா, என்ன செய்ய?" என்று ஹார்லன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அந்தக் குரலில் சண்டையே இல்லை.

வாத்தியம் முழங்க லாசரோ மாலையோடு கிளம்பினார். ஏரியில் மீன் பிடிப்பவர், இந்த வருஷத் திருவிழா அவருடையது. கூட்டத்தைச் சுற்றி வந்தார். அவர் நெருங்க நெருங்க ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. ஒருவர் செருப்பைப் பார்த்தார், இன்னொருத்தி பையைத் துழாவினாள். ஊர்ப் பிள்ளைகளில் பாதி சிகாகோவில், மீதி வெள்ளைக்காரர்களுக்கு வீடு கட்டும் வேலையில். எந்தக் குடும்பத்துக்குத் தெம்பு இருக்கிறது? லாசரோவின் முகம் வாடிப்போனது. ஒரு சுற்று முடியப்போனது. வெர்னாவின் முன்னால் வந்தபோது மட்டும் அவர் நடை தடுமாறியது. பிறகு மரியாதையாகத் தலையசைத்துவிட்டுத் தாண்டிப் போனார்.

வெர்னா கைத்தடியால் கல்தரையில் ஓங்கித் தட்டினாள்.

"லாசரோ! நில்லுங்க. என்னை மட்டும் ஏன் தாண்டிப் போறீங்க? மத்தவங்க தலையக் குனிஞ்சாங்க. நான் குனிஞ்சேனா?"

"தோன்யா, நாளைக்கு நீங்க ஊருக்குப் போறதா..."

"யாரு சொன்னா? நான் சொன்னேனா?"

நொண்டிக்கொண்டே போய் மாலையை அவர் கையிலிருந்து வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ரொட்டிகளின் கனம் அவளை முன்னால் இழுத்தது. ரோஜர் ஓடி வந்து அவள் தோளைத் தாங்கிப் பிடித்தான்.

கூக்கா இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள். "அம்மாடி, சும்மா வீம்பு பண்ணாதீங்க. கழுத்து ஆச்சு. வாய்?"

இவர்கள் ஸ்பானிஷில் கத்திக்கொண்டிருக்க, ரோஜருக்கு ஒரு எழவும் புரியவில்லை. காலையிலிருந்து பட்டினி வேறு. மூக்குக்கு நேரே சர்க்கரை தூவிய ரொட்டி மணத்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே எதை நீட்டினாலும் உபசாரம் என்று நினைத்து, ஒரு வாய் எடுத்துக்கொண்டு பல்லைக் காட்டி நன்றி சொல்வார்கள். ரோஜரும் அதையேதான் செய்தான். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டான். "கிராசியாஸ்" என்று கூக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

வாத்தியம் பாதியில் நின்றது.

"மாதாவே! தின்னுட்டான்!" என்று கூக்கா வாயைப் பொத்தினாள். அடுத்த நொடியே கையை எடுத்து, "தெரியாம தின்னா செல்லாது. அவர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க தோன்யா. தெரிஞ்சு முழுங்கினாத்தான் ஆச்சு," என்றாள்.

வெர்னாவுக்கு ஒரு கணம் ஆசைதான். ரொட்டி ருசியா என்று கேட்கிறார்கள் என்று புளுகினால் போதும், அவன் தலையாட்டி விழுங்கிவிடுவான். சீ, அப்படி வாங்கிய வாய் எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ரோஜர், மெல்லுறத நிறுத்து. சொல்றதக் கேளு. அதை முழுங்கினா அடுத்த வருஷம் இந்தத் திருவிழா நம்ம வீட்டுது. நான் செத்துட்டாலும் நீ வந்து நடத்தணும். ஊரே சாட்சி. துப்பணும்னா இப்பவே துப்பிடு. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

ரோஜர் கன்னம் உப்ப நின்றான். "துப்பினா?" என்றான் வாய்க்குள்ளேயே.

"துப்பினா மாலை போயிடும். நான் போக மாட்டேன். அத நல்லாக் கேட்டுக்கோ. முழங்கால் உடைஞ்சா உடையட்டும், இடுப்பு உடைஞ்சாலும் உடையட்டும். அன்னிக்கு நான் விழுந்தப்ப என்ன நடந்ததுன்னு தெரியுமா? மீன்காரி என்னைத் தூக்கி நிறுத்தினா. 'கிழவி, கண்ணு எங்க வச்சுட்டு நடக்குறே'ன்னு வீடு வரைக்கும் திட்டிக்கிட்டே கூட்டிட்டு வந்தா. உன்னோட இல்லத்துல என்னை யாருடா திட்டுவா? பாவம் பாவம்னு தலையத் தடவுவாங்க. நான் பாவம் இல்ல. எனக்கு இங்க வேலை இருக்கு."

பிறகு கல்லறைப் பக்கம் கைத்தடியை நீட்டி, "உங்கப்பா இங்க இருக்காரு," என்றாள்.

பெஞ்சிலிருந்து ஹார்லன் எழுந்து நின்றிருந்தார். ரோஜர் அம்மாவைப் பார்த்தான். அவள் காலைப் பார்த்தான், கூக்காவைப் பார்த்தான். ரொட்டி அவன் கன்னத்தில் அப்படியே இருந்தது. பிறகு தாடை மெல்ல அசைந்தது. ஒருமுறை, இன்னொருமுறை. தொண்டையில் அடைத்துக்கொண்டு இருமினான். லாசரோ தன் குவளையை அவன் வாயருகே கொண்டுபோனார். கண்ணில் நீர் வர விழுங்கினான்.

வெடிகள் வானத்தைக் கிழித்துக்கொண்டு ஏறின. வாத்தியக்காரர்கள் வெறிபிடித்தவர்கள் போல ஊத ஆரம்பித்தார்கள். கூக்கா அழுதுகொண்டே, "பொசோலேக்கு உப்பு நான்தான் பாப்பேன், இப்பவே சொல்லிட்டேன்!" என்று கத்தினாள். பெஞ்சுப் பக்கம் ஹார்லன் யாரிடமோ போன் கேட்டுக்கொண்டிருந்தார். மகளிடம் பேச வேண்டுமாம், அதுவும் இப்போதே.

"அம்மா, அந்த டிக்கெட்..." என்றான் ரோஜர்.

"ஒண்ணுல நீ போ. செப்டம்பருக்கு வந்து சேரு. முன்னாடியே வந்தா வெடி கட்டப் பழகிக்கலாம்."

மாலையின் பாரத்தில் அவள் கழுத்து நடுங்குவதைக் கண்டு, கழற்றிவிடலாம் என்று அவன் கையை நீட்டினான். வெர்னா அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"தொடாதே. வீடு வரைக்கும் நானே சுமப்பேன்."