கர்சர் நின்ற இடம்

நூலகத்தின் புதிய மென்பொருளும் பழைய ஸ்கேனர்களும் முதல் நாளிலிருந்தே எலியும் பூனையுமாக இருந்தன. அவற்றைச் சமாதானம் செய்துவைக்கப் பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்தவர்தான் கேபிள்காரர். கழுத்தில் எப்போதும் ஒரு கேபிள் தொங்குவதால் அந்தப் பெயர். இன்று பத்தாவது நாள், ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். புத்தகம் திரும்ப வாங்கும் கவுண்டரில் இருந்த அவளுக்குக் காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

வயது முப்பத்தெட்டு. வரன் பார்த்துப் பார்த்து ஓய்ந்து, ‘உன் இஷ்டம்’ என்று அம்மாவே கைகழுவி வருஷம் மூன்றாகிறது. இப்போது போய் இப்படி ஒரு கூத்தா! பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஸ்கேனரைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

“இது கம்ப்யூட்டர்கிட்ட ‘நானும் ஒரு கீபோர்டு’ன்னு சொல்லித்தான் மேடம் உள்ள நுழையுது. அட்டைல இருக்கற கோட்டைப் படிச்சு நம்பரை அடிக்கும், கடைசில அதுவே எண்டரும் தட்டிடும். கர்சர் எங்க நிக்குதோ அங்கதான் அடிக்கும், பாத்துக்குங்க.”

மனப்பாடம் செய்ததெல்லாம் நேரத்துக்குக் கைகொடுக்காது என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த விஷயம்தான்.

கோளாறு இருந்தால் எழுதி அனுப்பத் திரையில் ஒரு புகார்ப் பெட்டியும் வைத்திருந்தார். எழுதுவது மாடியில் அவருடைய லேப்டாப்புக்குப் போகும். அந்தப் பெட்டியில்தான் அவள் நான்கு நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். இன்று எழுதியது இது: “நாளைலேருந்து நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சா இந்த இடமே எனக்குப் பிடிக்கல.”

இன்னும் ஒரே தடவை படித்துவிட்டு அழிக்கலாம் என்றிருந்தபோது கடைசித்தேதி மாமா வந்து நின்றார். எந்தப் புத்தகத்தையும் கெடு முடியும் நாளில்தான் திருப்பித் தருவார்.

“சீக்கிரம்மா, பஸ் போயிடும்.”

பழக்கதோஷம், கை ஸ்கேனரை எடுத்து அட்டையில் காட்டிவிட்டது. பீப்!

அவள் எழுதிய வரியின் வாலில் 10482 என்று ஒட்டிக்கொண்டது. மறுகணம் மொத்தமும் மறைந்து, அந்த இடத்தில் வேறொரு வாசகம் வந்தது: “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. விரைவில் சரிசெய்யப்படும்.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போதாக்குறைக்குச் சிரிப்பு வேறு வந்து தொலைத்தது.

“என்னம்மா, அபராதமா?”

“உங்களுக்கில்ல மாமா. எனக்குத்தான்.”

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிய கேபிள்காரர் மூச்சு வாங்க எதிரே நின்றார்.

“ஸ்கேனர் சார்!” என்று அவள் முந்திக்கொண்டாள். “கோளாறு. அதுவா என்னத்தையோ அடிச்சு அனுப்பிடுச்சு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. அவர் ஸ்கேனரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்த அட்டையைப் படிச்சா இதுக்கு நம்பர் மட்டும்தான் மேடம் அடிக்கத் தெரியும். 10482 இதோட வேலை, ஒத்துக்கறேன். அதுக்கு முன்னாடி இருக்கறது யார் அடிச்சது?”

மாமா பஸ்ஸை மறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான்தான்,” என்றாள். சொல்லிவிட்டதும் உடம்பே லேசாகிவிட்டது. “அழிச்சிடுங்க சார்.”

“அதெப்படி? பதிவான புகாரைச் சரிபண்ணிட்டுத்தான் மூடணும். ஒரு புகார் பாக்கி இருந்தாலும் நான் தினமும் வந்து பாக்கணும்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கு.”

“எப்ப சரியாகும்?”

“தெரியல.” அவர் காதுமடல் சிவந்திருந்தது. “என் பக்கமும் இதே கோளாறுதான்.”

கவுண்டருக்கு அடியில் அவள் கால்கள் தாமாகத் தாளம் போட ஆரம்பித்தன. மாமா தொண்டையைக் கனைத்தார்.

“கோளாறெல்லாம் இருக்கட்டும். என் புத்தகம் வரவாச்சா இல்லையா? இன்னிக்குத்தான் கடைசித் தேதி.”

“இதோ மாமா!” என்று அவள் புத்தகத்தை இழுத்து, ஸ்கேனரைக் கேபிள்காரர் கையிலிருந்து பிடுங்கி, அட்டையில் காட்டினாள். பீப்!

“உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது,” என்றது திரை.

“ரெண்டு புகார்,” என்று கேபிள்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.