மைனா பெயரில் வந்த மோட்டார்கள்

அவள் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தாள். சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசியதால் வீட்டில் மைனா என்று பெயர் விழுந்தது. தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அலுவலக மாடிப்படியில் கால் இடறி விழுந்து கழுத்தில் அடிபட்டதில் கையும் காலும் செயலிழந்தன. தலையும் பேச்சும் மட்டும் பழையபடி இருந்தன. தம்பியும் அவன் மனைவியும் அவளைத் தங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்கள்.

தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். விடுமுறை நாட்களில் பொம்மை விமானம், ரிமோட் கார் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அக்கா படிப்பதைக் குறைத்துக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை. அவன் மனைவிதான் கவனித்தாள்.

"அண்ணி ஒரே பக்கத்த ரெண்டு மூணு தடவ படிக்கிறாங்க. பக்கம் புரட்டச் சொல்லி நம்மளக் கூப்பிடக் கூச்சமா இருக்கு போல."

அவன் பொம்மை விமானத்தில் இருந்த சர்வோ மோட்டாரைக் கழற்றினான். தீப்பெட்டி அளவே உள்ள மோட்டார். எவ்வளவு திரும்பச் சொன்னாலும் அவ்வளவே திரும்பி அங்கேயே நிற்கும். அதில் ஒரு மெல்லிய கம்பியைக் கை போலப் பொருத்தி, நுனியில் ரப்பர் உருளை ஒன்றைச் செருகினான். மோவாயால் ஒரு பொத்தானைத் தொட்டால் அந்தக் கை இறங்கி ஒரு தாளை ஒட்டி எடுத்து மறுபக்கம் புரட்டும். முதல் நாள் அக்கா மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து படித்தாள்.

"நல்லா இருக்காக்கா?"

"சத்தம் போடாத. கொலை யாரு பண்ணாங்கன்னு இன்னும் தெரியல."

அவளுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு நாலு பேரிடம் சொன்னார். அந்த நாலு பேருக்கும் தம்பி சாப்பாட்டு மேஜையிலேயே செய்து கொடுத்தான். பிறகு இன்னும் சிலர் கேட்டார்கள். மோட்டார்களை விளையாட்டுச் சாமான் கடையில்தான் வாங்கினான். கடைக்காரர் ஒரு சமயம் ஒரு வகை வைத்திருப்பார், மறுமுறை வேறொன்று. ஒவ்வொன்றையும் தானே தட்டிக்கொட்டிச் சரி செய்து அனுப்பியதால் அது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை.

ஒரு மறுவாழ்வு மையம் மொத்தமாக நூறு கேட்டபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. நூறு மோட்டாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பழுதானால் அதே மோட்டார் மறுபடியும் கிடைக்க வேண்டும்.

தம்பி மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு இது புதிதல்ல.

"எங்க கடையில ஒரே ஃபேக்டரி ஃபிரேமுதான் நாலு பேர்ல வருது. கேட்டா நம்ம பேரையும் போட்டுத் தருவாங்க. மோட்டார் மேலேயே நம்ம பேர் இருந்தா, கெட்டுப்போச்சுன்னா நம்மகிட்டயே வருவாங்க. கண்டத வாங்கி மாட்ட மாட்டாங்க."

"என்ன பேர் போடுறது?"

"மைனான்னு போடுங்க. இதவிட வேற என்ன இருக்கு?"

அக்கா புத்தகத்திலிருந்து தலை திருப்பாமலே சொன்னாள்: "என்னைக் கேட்டீங்களா?"

"இப்பக் கேக்குறோம் அண்ணி."

"உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு ஒட்டுங்க. அட்டைய மட்டும் பாத்துட்டு யாரும் புத்தகம் அச்சடிக்கிறதில்ல."

இரண்டு இடங்களில் விசாரித்தார்கள். முதலாவது ஒரு ஏஜெண்டு. மடிப்புக் கலையாத சட்டை, கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த விளம்பரப் புத்தகம். எந்த நிறத்தில் வேண்டும், எழுத்து எந்தப் பக்கம் வரவேண்டும், பெட்டியில் மைனா படம் போடலாமா என்று கேட்டார். மாதிரிக்கு அவர் கொடுத்த மோட்டார்கள் பிரமாதமாக ஓடின. தம்பி ஒன்றைப் பிரித்துப் பார்த்தான். பற்சக்கரங்கள் எல்லாம் உலோகம்.

இரண்டாவது, மோட்டார் செய்யும் பட்டறை ஒன்றை நடத்திவந்த ஒரு பெண்மணி. அவர் நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கை எவ்வளவு நேரம் அசையாமல் நிற்க வேண்டும், தாள் எவ்வளவு கனம், பக்கத்தில் தூங்குகிறவர் இருப்பாரா என்று குடைந்து குடைந்து கேட்டார்.

"பேர் எப்ப போட்டுத் தருவீங்க?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"மொதல்ல சும்மா மோட்டாரக் கொண்டு போய் ஓட்டிப் பாருங்க. ஒத்து வந்தா பேரப் பத்திப் பேசுவோம். பேர் எங்கயும் ஓடிப்போகாது."

வெளியே வந்ததும் அவள், "வியாபாரம் பண்ணத் தெரியாத மனுஷி," என்றாள். தம்பிக்கும் அப்படித்தான் பட்டது. ஏஜெண்டிடமே சொல்லிவிட்டார்கள்.

மோட்டார்கள் வந்தன. ஒவ்வொன்றின் விலாவிலும் வெள்ளை எழுத்தில் மைனா என்றிருந்தது. தம்பி அவற்றை மேஜையில் வரிசையாக நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி ஒன்றை எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டினாள். மையத்தின் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், காத்திருந்த தனி வாடிக்கையாளர்கள் சிலருக்கு அதைப் பொருத்தி அனுப்பினார்கள். அக்காவின் கருவியிலும் ஒன்றை மாற்றினார்கள்.

அந்த வாரம் அக்கா ஒரு நாவல் படித்தாள். அதை எழுதியவர் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த குடும்பம், திடீர்னு பாத்தா வீட்ட வித்துட்டுக் கிளம்புது. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்த இல்ல. நான் இருந்திருந்தா ஓரத்துல கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்."

தம்பி மனைவி அதே நாவலை முன்பே படித்திருந்தாள். "ஏன் அண்ணி, அந்தக் கோர்ட் தீர்ப்பு வருதே, அதனாலதான விக்கிறாங்க?"

"எந்தத் தீர்ப்பு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் புத்தகத்தை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். தீர்ப்பு இருந்தது. அக்கா அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கை இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருந்தது.

தம்பி வேலையிலிருந்து வந்ததும் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தான். கை தாளைத் தொட்டு நிற்க வேண்டிய இடத்தில் லேசாக நடுங்கி, கொஞ்சம் கூடுதலாக அமுங்கி, அடியில் இருந்த தாளையும் சேர்த்து இழுத்தது. மோட்டாரைப் பிரித்தான். வெளியே தெரியும் கடைசிச் சக்கரம் மட்டும் உலோகம். உள்ளே இருந்தவை எல்லாம் பிளாஸ்டிக். பற்கள் ஏற்கெனவே மழுங்கத் தொடங்கியிருந்தன. பெட்டியில் இருந்த மற்றவற்றையும் பிரித்தான். எல்லாம் அதே கதைதான்.

ஏஜெண்டு தொலைபேசியில் கொஞ்சமும் பதறவில்லை.

"மெட்டல் கியர்னுதான சொன்னோம் சார். மெட்டல் கியர் இருக்குல்ல?"

"மாதிரியில எல்லாமே மெட்டல் சார்."

"மாதிரி மாதிரிதான் சார். மேல உங்க பேர் போட்டாச்சு. இனி அத நான் வேற யாருக்குக் குடுக்க முடியும், சொல்லுங்க?"

தம்பி போனை வைத்தான். மனைவி மேஜையில் கிடந்த மோட்டார்களைப் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள். பிறகு அங்கிருந்தே, "நாந்தான் பேர் பேர்னு பறந்தேன்," என்றாள்.

"நானும் மாதிரியப் பாத்து ஏமாந்துட்டேன். விடு."

"அழுதுட்டு இருக்காதீங்க ரெண்டு பேரும்," என்றாள் அக்கா. "அனுப்பினத மொதல்ல வாங்கிட்டு வாங்க. யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கே தெரியல, எழுதினவனத் திட்டிக்கிட்டிருந்தேன்."

தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். அக்கா சொன்னது சரியாக இருந்தது. யாருமே புகார் சொல்லவில்லை. கடைசியாகப் போனது ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர் வீடு. பகலில் அவர் தனியாகத்தான் இருப்பார்; மகள் வேலைக்குப் போய்ச் சாயங்காலம்தான் வருவாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

"சில பக்கம் விட்டுப்போகுதா சார்?"

"போகுது. பழகிடுச்சு. விட்டுப்போன எடத்துல என்ன நடந்திருக்கும்னு நானே யோசிச்சுப்பேன். பல தடவ சரியாத்தான் இருக்கு."

"ஒரு போன் பண்ணச் சொல்லியிருக்கலாமே சார்."

"இதுக்கு முன்னாடி ஒரு பக்கத்தையே நாள் பூரா பாத்துக்கிட்டிருந்தேன் தம்பி. ரெண்டு ரெண்டாப் போனா என்ன, போகுதுல்ல."

தம்பி மோட்டாரைக் கழற்றிப் பையில் போட்டான். கையிருப்பில் இருந்த விளையாட்டுச் சாமான் கடை மோட்டார் ஒன்றைப் பொருத்தினான். விட்டுப்போன பக்கங்கள் எங்கெங்கே என்று அவரிடம் கேட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கணவனும் மனைவியும் பட்டறைக்குப் போனார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். அந்தப் பெண்மணி குத்திக்காட்டவில்லை. முன்பு கேட்ட கேள்விகளையே மறுபடி கேட்டார். இந்த முறை இருவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். பெயர் போடாத மோட்டார்கள் சில வீட்டுக்கு வந்தன. அவற்றை வரவேற்பறை அலமாரியில் பழைய அகராதிகளைப் புரட்டும்படி ஓட விட்டார்கள். சத்தம் முந்தையதைவிடக் கொஞ்சம் கூடுதல். அக்கா அதையும் ஒரு குறையாகச் சொன்னாள். தம்பி மனைவி அடியில் மெல்லிய ரப்பர் வைத்ததும் அடங்கியது. எதுவும் இரண்டு தாளை எடுக்கவில்லை.

தாமதத்தைச் சொன்னதும் மறுவாழ்வு மையம் நூறை ஐம்பதாகக் குறைத்துவிட்டது. தம்பி சரி என்றான். ஒரு நிபந்தனை மட்டும் பட்டறையில் போட்டான்: ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தாங்களே பிரித்துப் பார்ப்பார்கள்.

"பிரிக்காம வாங்கினாத்தான் எனக்குப் பயம்," என்றார் அந்தப் பெண்மணி.

பெயர் போடாத முதல் சரக்கு வந்தபோது தம்பி மனைவி பெட்டியின் மேலே இருந்த ஒன்றை எடுத்தாள்.

"அடியில இருந்து எடு," என்றாள் அக்கா.

அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுத்துப் பிரித்தார்கள். சக்கரங்கள் சரியாக இருந்தன. ஆனால் பற்களுக்கு இடையே பூசியிருந்த கிரீஸ் மாதிரியில் இருந்ததைவிட வெளுப்பாக இருந்தது. தம்பியின் முகம் மாறிப்போயிற்று. உடனே பட்டறைக்குப் போன் போட்டான்.

"ஆமா, மாத்தியிருக்கோம்," என்றார் அந்தப் பெண்மணி. "பழைய கிரீஸ் கிடைக்கல. இது இன்னும் கொஞ்சம் நல்ல ரகம்தான். ஆனா உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. ஓட்டிப் பாருங்க, ஒத்து வரலன்னா மொத்தத்தையும் திருப்பி எடுத்துக்கறேன்."

தம்பி அதை அப்படியே அக்காவிடம் சொன்னான்.

"தப்புன்னு அவங்களே சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அப்ப அவங்ககிட்டயே வாங்கு. என் பேரப் போட்டுக்கச் சொல்லு."

தம்பி மனைவி சிரித்துக்கொண்டே விரல்களில் ஒட்டியிருந்த கிரீஸைப் பழைய துணியில் துடைத்தாள். தம்பி புதிய மோட்டார்களை அலமாரியில் பொருத்தி, அகராதிகளின் முன்னால் ஓட விட்டான்.