விடச் சொன்னவள்

சலவைக்கூடத்தில் மதியத்துக்கு மேல் எல்லாமே பாதிக் கனவு மாதிரிதான். நீராவி கூரைவரை எழும்பி நிற்கும். எதிரே இருப்பவர் முகம் தெரிவதும் மறைவதுமாக இருக்கும். ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் அந்த வெண்மைக்குள் ஒரே ஒரு முகத்தைத்தான் தேடினாள். வேன் ஓட்டுகிறவன் வந்தான், மூட்டைகளைத் தூக்கினான், அவள் பக்கம் திரும்பாமலே போனான். சில நாளாக இதே கதைதான். நாளை முதல் அவனுக்கு வேறு வழித்தடம். அவனே கேட்டு வாங்கிக்கொண்டானாம். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவன் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை அவனுக்குத் தெரியாது. நடுவில் ஒரு கைப்பிடி ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டே காதல்வரைக்கும் வந்துவிட்டார்கள் என்றால் கெட்டிக்காரர்கள்தான்.

டீ நேரத்தில் அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள். அக்கா துணிக்கடைக் கல்லாவில் இருப்பவள், நாலு பேரோடு ஆங்கிலம் பேசிப் பழகியவள்.

"கடைசியா அவன்கிட்ட என்னடி சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா. அன்னிக்கு நல்ல மழை. வேன்கிட்ட போய் 'ப்ளீஸ், லீவ் மீ'ன்னேன். என்னை வீட்டுல விடுன்னு."

மறுமுனையில் அக்கா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அடிப்பாவி! என்னை விட்டுட்டுப் போயிடுன்னு சொல்லியிருக்க."

"விடுன்னா லீவ்தானேக்கா?"

"கிளம்புறதும் லீவ், கைவிடுறதும் லீவ், தட்டுல மிச்சம் வைக்கிறதும் லீவ். நீ வேலைக்கு மட்டம் போடுறியே, அதுவும் லீவ். வீட்டுல கொண்டுபோய் விடுறது மட்டும் டிராப்."

"டிராப்னா கீழ போடுறதில்லையா? வாயத் தொறந்து ஒருத்தி என்னைக் கீழ போடுன்னு கேப்பாளா?"

"கேளுடி. இன்னிக்கே கேளு."

அன்றைக்கு அவன் முகம் ஏன் வெளுத்தது, அவளை நனையவிட்டு வேன் ஏன் போனது என்பதெல்லாம் இப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் அவன்மேல் கோபமாக வேறு இருந்தாளே! பாவம், சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை.

வேலை முடிந்ததும் ஓடினாள். வேன் கிளம்பத் தயாராக நின்றது. கண்ணாடியைத் தட்டினாள்.

"தட் டே லீவ் மீ, நாட் லீவ் மீ!"

அவன் திருதிருவென்று விழித்தான்.

"லீவ் மீ மீன்ஸ்... டிராப் மீ. ஹோம்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்து இருக்கையிலிருந்த மூட்டையைப் பின்னால் தள்ளினான்.

வேனுக்குள் வெதுவெதுப்பான துணி வாசனை. சாயங்கால வெயிலில் தெருக்கள் மிதந்து போயின. இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. ஆனால் வீட்டுத் தெருமுனை வந்துவிட்டது. அவன் நிறுத்தினான்.

"டிராப்," என்றான், பாடம் ஒப்பிக்கிறவனைப் போல.

கதவில் கை வைத்தவளுக்கு இறங்க மனம் வரவில்லை.

"டோன்ட் லீவ் மீ," என்றாள்.

இறக்கிவிடாதே என்றா, விட்டுப் போகாதே என்றா? இரண்டும்தான். அவன் அவளையே பார்த்தான். பிறகு கியரை மாற்றினான். அவள் தெரு மெல்லப் பின்னால் போயிற்று.

எங்கே போகிறோம் என்று கேட்கிற அளவுக்கு அவளிடம் ஆங்கிலம் இருந்தது. அவள் கேட்கவில்லை.