சாயம் பூசாத படம்

அதெலாயிட் சீமாட்டிக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் தூங்கி எழுந்தால் தீர்கிற அலுப்பா அது? எத்தனையோ வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மதியமும் பாரிஸில் பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவள் கூடத்துக்கு வந்து, கோழியை ஒரு கை பார்த்துவிட்டு, வாய் ஓயாமல் பேசிவிட்டுப் போகிறார்கள். கேட்பது அவள் வேலை. நாற்காலியில் லேசாகச் சாய்ந்து, சொன்னதையே சொன்னாலும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரித்த முகமாகக் கேட்க வேண்டும். அவளைப் போல் கேட்பவள் ஊரிலேயே இல்லை என்று பேர் வேறு.

அவளைப் படம் எழுத வந்த ஓவியன் லவேன் முதல் நாளே கறாராகச் சொன்னான். "கன்னத்துச் சாயத்தைக் கழுவிட்டு உட்காருங்கம்மா. இல்லேன்னா நான் சாயத்தைத்தான் எழுதுவேன், உங்களை இல்ல."

பிரபு வீட்டுப் பெண்கள் கன்னத்தில் வட்டமாகச் சிவப்புச் சாயம் இல்லாமல் பாவமன்னிப்புக்குக்கூடப் போகமாட்டார்கள். அவளோ மறுபேச்சுப் பேசாமல் கழுவிவிட்டாள். மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

முடிந்த படத்தைப் பார்த்ததும் பணிப்பெண் பெரின் முகம் சுளித்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற சிரிப்பு.

"என்னம்மா இது, காய்ச்சல்ல கிடந்து எழுந்தாப்பல? கொஞ்சம் சிவப்பு தடவச் சொல்லுங்க."

"வேண்டாம். அப்படியே மாட்டு. பார்த்துட்டு யாராவது ஒருத்தர் என்கிட்ட 'களைச்சுப் போயிட்டீங்களா'ன்னு கேட்கட்டும். கேட்டா அன்னிக்கே கதவைச் சாத்திட்டு நார்மண்டிக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பிடலாம்."

"யாரும் கேட்கலேன்னா?"

"பிரிசாக் சாமியார் கேட்பார். செவ்வாய் தவறாம வர்றவர், அவருக்கு என்னை நல்லாத் தெரியும்."

"அவரா? அவர் பேச்சை நிறுத்தினாத்தானே கேட்கறதுக்கு," என்றாள் பெரின். ஆனாலும் போய்ப் பெட்டியைக் கட்டி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. சீமாட்டி வழக்கம்போலச் சாயம் பூசிப் படத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். ஒருவர் படத்திலிருந்த லேஸைப் புகழ்ந்தார். ஒருத்தி பட்டு எந்தக் கடை என்று விசாரித்தாள். பிரிசாக் சாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் முன்னால் நின்றவர் நகரவேயில்லை. அவள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேளுங்களேன், ஒரே ஒரு வார்த்தை.

அவர் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"பாவம், ரொம்பக் களைச்சுப் போயிருக்கா. இந்தப் பொண்ணை யாரோ தூங்கவே விடல."

அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். "சாமி..."

அவர் அவள் கையைப் பரிவோடு தட்டிக்கொடுத்தார். "வருத்தப்படாதீங்க அம்மணி. அந்த லவேனுக்கு எழுதத் தெரியல. இது உங்க முகமே இல்ல. வாராவாரம் பார்க்கற எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கிக்குள்ளிருந்து ஒரு தடித்த காகிதக்கட்டு வெளியே வந்தது.

"என் நாடகத்தோட மூணாம் அங்கத்தைத் திருத்தியிருக்கேன். ராணி விஷம் குடிக்கிற இடம். உங்களைத் தவிர யாருக்கும் கேட்கற பொறுமை இல்ல."

சீமாட்டி படத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நாற்காலியில் லேசாகச் சாய்ந்து, சிரித்த முகமாக, "படியுங்க," என்றாள்.

வாசல் ஓரம் நின்றிருந்த பெரின் பெட்டியைப் பிரிக்க மாடிக்குப் போனாள்.