முதல் வரியில் அப்பா

இதில் ஒரு சொல் பொய்யானாலும் எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் கொட்டட்டும்.

நான்காம் மாடியிலிருந்து அப்பாவை இறக்கிய லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரில் அவர் உடல், தலைமாட்டில் அவர் மகள், கால்மாட்டில் அவளுடைய சித்தப்பா. கீழே வண்டி காத்திருந்தது.

“ஆயுசு பூரா லிஃப்டைக் கட்டி மேய்ச்ச மனுஷன். போற நேரத்துல மல்லுக்கு நிக்குது பாரு,” என்று எல்லாப் பொத்தானையும் அமுக்கினார் சித்தப்பா. “நீ கம்ப்யூட்டர்காரிதானே, ஏதாவது பண்ணு.”

“நான் ப்ரோக்ராம் எழுதுறவ சித்தப்பா.”

“ரெண்டும் கரண்ட்லதானே ஓடுது?”

 அவள் காலையிலிருந்து அழவில்லை. வண்டி கிளம்புவதற்குள் ஒரு தரமாவது ‘அப்பா’ என்று கூப்பிட்டுவிட வேண்டும். கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஒரே வீட்டில் இருந்தார்கள். அவள் வேலை செய்யும் அறையின் கதவருகே தரையில் டீ தானாக வரும். எரியாத விளக்கு தானாக எரியும்.

ஒருநாள்தான் அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “திரையில என்ன சிவப்புக் கோடு?”

“ப்ரோக்ராம்ல கிளாஸ்னா ஒரு அச்சு மாதிரி. இது பிள்ளை கிளாஸ், அது அப்பன் கிளாஸ். பிள்ளை உருவாகணும்னா அப்பனோட கன்ஸ்ட்ரக்டர், அதாவது அதை உருவாக்குற வரிங்க, முதல்ல ஓடணும். சாதாரணமா நாம கூப்பிடலைன்னாலும் சத்தமில்லாம ஓடிடும்.”

“அப்புறம் ஏன் திட்டுது?”

“இந்த அப்பனுக்கு ஒரு விவரம் கொடுக்கணும். கொடுத்து, முதல் வரியிலேயே நாமளே கூப்பிடணும். மறந்துட்டேன்.”

“நியாயந்தான். எந்த மாடின்னு சொல்லாம உள்ள நின்னா லிஃப்ட் எங்க போகும்?” என்றபடி காலி தம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் குனிந்தாள். “அப்பா.”

லிஃப்ட் அசையவில்லை.

“அப்பா, கீழ போகணும்ப்பா.”

ஒரு குலுங்கல். பிறகு பூவை இறக்கி வைப்பதுபோல் இறங்கியது.

“விவரம் கேட்டுட்டுத்தான் நகர்றார்,” என்றார் சித்தப்பா, முகத்தைத் துடைத்தபடி.

எல்லாம் முடிந்த மறுநாள் அவள் வேலைக்கு உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்து, தரையைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டாள்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. என் இரண்டு பல்லும் அப்படியேதான் இருக்கின்றன.