ஒரு மூட்டை சோள மாவு

கண்டியில் கொழும்பு வீதியிலிருந்த சேதுராமனின் ஸ்டூடியோப் பலகையில் முன்பு ‘கல்யாணம், பூப்புனித நீராட்டு, பாஸ்போர்ட் படம்’ என்றிருந்தது. மலாவிக்கு ஒரு தடவை போய் வந்ததும் ‘சர்வதேச மனிதநேயப் படக்கலைஞர்’ ஆகிவிட்டது. பாஸ்போர்ட் படமும் எடுக்கப்படும் என்பது கீழே பொடி எழுத்தில். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அவரைக் கூட்டிப் போனது ‘உறவுக்கரம்’ நிவாரணச் சங்கம். தலைவர் முத்துலிங்கம், இரும்புக்கடை முதலாளி. கண்டிக்குப் பக்கத்தில் கம்பளைத் தேயிலைத் தோட்ட லயங்களில் கூரை ஒழுகுவது தகரம் வாங்க வருகிறவர்கள் சொல்லி அவருக்குத் தெரியும். ஆனாலும் ஆபிரிக்காவின் பசிதான் அவரைத் தூங்கவிடவில்லை. கம்பளைக்குப் போய் வந்தால் விமான நிலையத்தில் மாலை போட எவன் வருவான்?

அடுத்த பயணம் உகண்டா. படம் எடுப்பவருக்கு ஒரே ஓர் இடம். திகனயில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹபீலும் அதற்குத் துண்டு போட்டு வைத்திருந்தான். அதனால்தான் ஹோட்டல் மண்டபத்தில் இந்தக் கண்காட்சி. மலாவிப் படங்களைப் பார்த்துத் தலைவர் மனம் குளிர்ந்தால் டிக்கெட் சேதுராமனுக்கு.

மாநகர சபையில் கிளார்க்காக இருக்கும் சேதுராமனின் மனைவி பாலாம்பிகை நடுச்சுவர்ப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். ஒரு கிழவி, எதிரே தலைவர். இருவர் கையிலும் ஒரே மூட்டை.

“என்னங்க, இவரு ஏன் அந்தம்மாகிட்ட மூட்டையைப் புடுங்குறாரு?”

“மெதுவாப் பேசு. குடுக்குறாரு.”

“குடுக்குறவரு காலை ஊனிக்கிட்டா நிப்பாரு?”

சேதுராமன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நம்ம நிவாரணச் சாமான் கன்டெய்னர் கொழும்பை விட்டே கெளம்பல. படத்துக்குன்னு அங்க சந்தையில ஒரு மூட்டை சோள மாவு வாங்கினோம். கல்யாணத்துல கேக்கைத் திரும்பத் திரும்ப ஊட்டச் சொல்றோம்ல, அது மாதிரிதான். வாங்குறது, படம் எடுத்ததும் திருப்பிக் குடுக்குறது, அடுத்த ஆளு. எல்லாரும் ஒழுங்காக் குடுத்தாங்க. இந்தக் கெழவி கடைசி. வரிசையில நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே வந்திருக்கு. கைக்கு வந்ததும் விடல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அடுத்த ஊர்லயும் படம் எடுக்க வேணாமா?”

பாலாம்பிகை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இதைப் போயி மாட்டி வச்சிருக்கீங்களே!”

மாட்டாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு வெளிச்சம் ஆயுளுக்கு ஒரு தடவைதான் விழும்.

அதற்குள் தலைவரே பரிவாரத்தோடு வந்துவிட்டார். நின்றார். பார்த்தார். உகண்டா கைநழுவிப் போகிறது என்றே சேதுராமன் நினைத்தார். தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார்.

“பாத்தீங்களா, என் கையை விடவே மாட்டேன்னுட்டா அந்தத் தாய்! சேதுராமன், இதை நீங்க மேடையில சொல்லணும்.”

“சொல்லுங்கண்ணே,” என்றான் பக்கத்தில் நின்ற ஹபீல், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நடந்தது உங்களுக்குத்தானே தெரியும்.”

மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்தபோது முன்வரிசையில் பாலாம்பிகை தெரிந்தாள். சேதுராமன் கண்ணை மேலே சுழன்ற மின்விசிறிக்கு மாற்றிக்கொண்டார்.

“மொழி தெரியாத அந்தத் தாய் நம் தலைவரின் கையைப் பற்றிக்கொண்டு, ‘மகனே’ என்றார்.”

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. ‘மகனே’ நன்றாக எடுபட்டதால் இன்னொரு தரம் சொன்னார். இரண்டாம் தடவை அவருக்கே கண் கலங்கியது. தலைவர் எழுந்து வந்து கட்டித் தழுவி, “உகண்டாவுக்கும் நீங்கதான்!” என்று அறிவித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோ கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியபோது பாலாம்பிகை அவர் பக்கம் திரும்பினாள்.

“உகண்டாவுலயாவது ரெண்டு மூட்டையா வாங்கச் சொல்லுங்க,” என்றாள். “ஒண்ணைப் படத்துக்கு வச்சுக்கிட்டு, விடாதவளுக்கு மத்ததைக் குடுத்துடலாம்.”

சேதுராமன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். இரண்டு மூட்டையும் படத்துக்குள் வந்தால் தலைவரின் முகம் மறைந்துவிடும் என்று பட்டது.